மாலை கழற்றிய மறுநாள்: திருகோணமலைக் கடற்றொழிலாளி ஒருவரின் மது மீட்சி

கார்த்திகை முதலாம் திகதி ஐயப்பனுக்கு மாலை போட்ட கடற்றொழிலாளி ஒருவர், மறுநாள் இரவு வலிப்பு வந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மாலை போட்ட காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை என்று உடன் வந்த தமையன் பெருமையோடு சொன்னார். வலிப்புக்குக் காரணம் அதுதான்.

திருகோணமலை மாவட்டத்தின் உளநலப் பிரிவொன்றில் உளசமூகப் பணியாளராக நான் உடனிருந்து பார்த்த சிகிச்சை இது. நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரும் குடும்பமும் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்து தொடர்பான தீர்மானங்கள் எல்லாம் உளமருத்துவருடையவை. நான் எழுதப்போவது பெரும்பாலும் மருந்துக்கு வெளியே நடந்ததை.

வந்த நிலை

நகரத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதியை அண்டிய ஒரு கரையோரக் கிராமம். வயது முப்பதுகளின் கடைசி. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே வளரும் அக்காவின் மகன். பதினாறு வயதில் கரைவலை இழுக்கப் போன இடத்தில் குடிக்கத் தொடங்கியவர். கடந்த சில வருடங்களாக மாலையில் அரைப் போத்தல் சாராயம். கடைசி ஒரு வருடமாக விடியற்காலையில் கடலுக்கு இறங்குமுன் கால் போத்தல். காசு குறைந்த நாட்களில் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம்.

அரைப் போத்தல் என்பது 375 மில்லிலீற்றர். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று வைத்தால் அதில் தூய மதுசாரம் 100 கிராம் அளவில் வரும். 10 கிராமை ஓர் அலகாகக் கொள்ளும் கணக்கில் அது 10 அலகு, விடியற்காலைக் குடியைச் சேர்க்காமல். கசிப்பை இந்தக் கணக்கில் அடக்க வழியில்லை. காய்ச்சுகிறவருக்கே அதன் வலு தெரியாது.

விடியற்காலையில் ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தொழில் சார்ந்தது: “கை நடுங்கினால் இயந்திரத்தின் பிடி நிற்காது, மிஸ்.” நடுக்கத்தை நிறுத்தக் குடிக்க வேண்டிய கட்டத்துக்கு ஒருவர் வந்துவிட்டால் உடல் மதுவில் தங்கியிருக்கப் பழகிவிட்டது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ வினாக்கொத்தில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள். 20ஐ எட்டினால் தங்கியிருத்தல் நிலையைச் சந்தேகிக்க வேண்டும். இவருக்கு 29.

முதலில் உடல்

தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணிநேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். நேரமும் இடமும் தெரியாமல் பிதற்றி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் பார்க்கிற கடுமையான குழப்பநிலை இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் எட்டிப்பார்க்கும். அது உயிரைக் கொண்டுபோகக்கூடியது.

தலையில் அடிபட்டதா, இரத்தத்தில் சீனி குறைந்ததா, உப்புச் சமநிலை குலைந்ததா என்று பார்த்த பிறகே இது விலகல் வலிப்பு, அதாவது மதுவைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வலிப்பு என்று உறுதிசெய்யப்பட்டது. விலகல் அறிகுறிகளை அளக்கும் ‘சீவா’ அளவுகோலில் 22 புள்ளிகள், கடுமையான நிலை. டயசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து அதிக அளவில் தொடங்கி நாளுக்கு நாள் குறைக்கப்பட்டது. தயமின், அதாவது விற்றமின் பி1, ஊசியாகப் போடப்பட்டது. நீண்டகாலம் குடித்தவர்களின் உடலில் இந்த விற்றமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைனை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ‘குடித்துக் களைத்துப் போனார், ஒரு சேலைன் ஏற்றிவிடுங்கள்’ என்று தெரிந்த இடமெல்லாம் கேட்டுத் திரியும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மருத்துவமனை விடுதியில் இருந்தார். வலிப்புக்கு நெடுநாள் மருந்து தேவைப்படவில்லை; விலகலால் வரும் வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு.

அந்த நாட்களில் அவரை உலுக்கிய கேள்வி மருத்துவம் சார்ந்தது அல்ல. மாலையோடு வலிப்பு வந்தது தெய்வக் குற்றம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாலையைக் கழற்றிவிடலாம் என்றார் தமையன். அவர்களின் குருசாமி விடுதிக்கு வந்தார், எழுபது வயதைக் கடந்தவர். கட்டிலருகே நின்று, “மருந்து குடிப்பதற்கு ஐயப்பன் தடை போடவில்லை, சாமி. மாலை கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பிரிவில் யாரும் சொல்லியிருக்க முடியாத, சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காத வார்த்தை அது.

உடல் தெளிந்ததும் குடும்பம் வீட்டுக்குக் கூட்டிப்போகத் தயாரானது. ‘சுகமாகிவிட்டது’ என்றார்கள். விலகல் சிகிச்சையை முழுச் சிகிச்சை என்று நினைப்பது எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் உள்ளது. அதற்கு மேல் எதுவும் செய்யாமல் அனுப்பினால் பெரும்பாலானோர் சில மாதங்களுக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டு விளக்கங்கள், ஒரே திகதி

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது இவர் தாயையும் தங்கையையும் இழந்தார். அவருடைய குடிக்குக் காரணம் கேட்டால் மனைவி, தமையன், கிராம அலுவலர், அவரே கூட, இதைத்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கடைசியில் அவர் மோசமாகக் குடிப்பார் என்பது ஊர்ப் பேச்சு. சுனாமியின் துக்கம் என்று எங்கள் கோப்பிலும் முதல் நாளே எழுதப்பட்டிருந்தது.

கிழக்கில் வேலைசெய்கிறவர்களுக்கு இந்த விளக்கம் மிகவும் கைப்பழக்கமானது. யுத்தம், சுனாமி, இடப்பெயர்வு என்று எழுதிவிட்டால் கோப்பு நிறைவாகத் தெரியும். துயரம் பொய் என்று சொல்லவரவில்லை. ஆனால் சுனாமிக்கு முன்னரே குடிக்கத் தொடங்கியவர் இவர். அத்தோடு, விளக்கம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் நாளை மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது.

ஆகவே வருடம் வருடமாக எழுதிப் பார்த்தோம். ஒரு கொப்பியில் கோடு போட்டு, மனைவியையும் பக்கத்தில் இருத்தி. ஏழு வருடம் தொடர்ந்து மாலை போட்டிருக்கிறார். ஏழு வருடமும் விரத நாட்களில் குடிக்கவில்லை; இதில் மனைவிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவற்றில் ஐந்து வருடங்களில் மண்டல பூசையோடு மாலையைக் கழற்றியிருக்கிறார். கார்த்திகை முதலாம் நாளிலிருந்து 41 நாள் எண்ணினால் மண்டல பூசை டிசம்பர் 26 அல்லது 27 அளவில் வரும். அன்றோ மறுநாளோ குடி.

மற்ற இரண்டு வருடங்களில் ஜனவரி 14, மகரஜோதி வரைக்கும் மாலையோடு இருந்திருக்கிறார். அந்த இரண்டு டிசம்பர் 26ஆம் திகதிகளிலும் கடற்கரையில் நடந்த அஞ்சலியில் கறுப்பு வேட்டியோடு நின்று விளக்கேற்றியிருக்கிறார், அழுதிருக்கிறார், குடிக்கவில்லை. குடி தொடங்கியது மாட்டுப்பொங்கல் அன்று.

கொப்பியைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் சொன்னார், “அப்படியென்றால் மாலை கழற்றுவதுதான் சிக்கல்” என்று. துக்கமும் விரத முடிவும் ஒரே திகதியில் விழுந்ததால் ஒன்று மற்றதை மறைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சிகிச்சையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இந்தப் பக்கம்தான். அதன் பிறகு எங்கள் வேலையின் குறி 42ஆம் நாள்.

கொப்பியில் இன்னொன்றும் தெரிந்தது. முந்தைய வருடங்களிலும் மாலை போட்ட முதல் மூன்று நாட்கள் வியர்த்து, நடுங்கி, தூங்காமல் கிடந்திருக்கிறார். விரதத்தின் சோதனை என்று எடுத்துக்கொண்டார்கள். திடீர் நிறுத்தம் திரும்பத் திரும்ப நடந்தால் ஒவ்வொரு முறையும் விலகல் கடுமையாகும் போக்கு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை நல்ல நோக்கத்தோடு அவர் உடல் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தது.

பேச்சு

ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரொல்னிக்குடன் சேர்ந்து விரித்தார். சாரம் எளிது. குடியை ஏன் விடவேண்டும் என்று சிகிச்சையாளர் வாதிட்டால், நோயாளிக்கு எஞ்சுவது எதிர்வாதம் மட்டுமே. காரணம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். எங்கள் சமூகத்தில் இது கேட்பவருக்குச் சற்று விசித்திரமாக இருக்கும். புத்திமதி சொல்வதுதானே அக்கறை? இவருக்கு மனைவி, தமையன், மாமனார், கிராம அலுவலர், பாதிரியார் ஒருவர் உட்பட எல்லோரும் புத்திமதி சொல்லி முடித்திருந்தார்கள்.

குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றேன். ஒன்பது. விட முடியும் என்ற நம்பிக்கை? இரண்டு. முக்கியம் குறைவாக இருந்தால் பேச்சு ஒரு திசையில் போகவேண்டும். நம்பிக்கை குறைவாக இருந்தால் இன்னொரு திசையில். ஒன்பது சொல்கிறவரிடம் ஈரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நேர விரயம். ஆகவே, ஏன் பூச்சியம் இல்லாமல் இரண்டு என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்து, “வருடத்துக்கு நாற்பத்தொரு நாள் இருக்கிறேன்தானே” என்றார்.

அந்த 41 நாளில் என்ன வித்தியாசம் என்று பிரித்துப் பார்ப்பதில் சில சந்திப்புகள் போயின. விடியமுன் குளியல். கறுப்பு வேட்டி. ஊரில் எல்லோரும், தவறணைக்காரர் கூட, ‘சாமி’ என்று அழைப்பார்கள். யாரும் போத்தலை நீட்டமாட்டார்கள். சமையல் தனி, தட்டு தனி. மாலை ஆறு மணிக்குப் பஜனை, முடிய ஒன்பதாகும். குடிக்கிற நேரம் முழுவதும் பாட்டில் கரைந்துவிடும். பிள்ளைகள் பக்கத்தில் வந்து இருப்பார்கள். தூண்டும் இடங்களை விலக்குவது, குடிக்காத நண்பர்கள், வெறும் நேரத்தை நிரப்புவது, குடிக்காமல் இருப்பதற்கு உடனடி மதிப்பு, தன்னைப் பற்றிய வேறொரு எண்ணம்: சிகிச்சைப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயமாக எழுதுவன எல்லாம் மாலையில் கோர்த்துக் கிடந்தன. மாலை கழன்றதும் ஒரே நேரத்தில் எல்லாம் போய்விடும். அடுத்த நாளுக்கு எந்த ஏற்பாடும் இல்லை.

மனைவியும் பொடியும்

மூன்றாவது சந்திப்பில் மனைவி தனியாகப் பேச வேண்டும் என்றார். முந்தைய வருடம், ‘தெரியாமல் கொடுக்கலாம், மணமில்லை, ருசியில்லை’ என்று கைத்தொலைபேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பொடியை வரவழைத்து மீன்குழம்பில் கலந்திருக்கிறார். கணவர் குடித்துவிட்டுச் சாப்பிட்ட இரண்டு இரவுகள் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்திருக்கிறார். மீன் பழுது என்று நினைத்துக்கொண்டாராம்.

இப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த அறிகுறிகளைப் பார்த்தால் டைசல்பிராம் இருந்திருக்கலாம். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் மதுவுக்கெதிரான மருந்தாக அறியப்பட்ட அது, மதுசாரம் உடலில் உடையும் வழியை நடுவில் அடைத்து, அசற்றல்டிகைட் என்ற நச்சுப் பொருளைத் தேங்கவைக்கும். குடித்தால் இரத்த அழுத்தம் விழலாம், இதயத்தின் துடிப்புக் குலையலாம். நோயாளிக்குத் தெரியாமல் இதைக் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. கணவரைக் கொன்றிருக்கக்கூடிய ஒரு காரியத்தை, அவரைக் காப்பாற்ற என்று மனைவி செய்திருக்கிறார். மனைவியைக் குற்றம்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்கப் போகும் இடம் தெரியாத ஒரு பெண்ணுக்கு விளம்பரம் இடம் காட்டியிருக்கிறது.

அவர் கணவரிடம் அதைச் சொல்வதற்கு ஒரு சந்திப்பு முழுவதும் தேவைப்பட்டது. அதற்கு முன், குடித்த இரவுகளில் அடி விழுந்ததா என்று தனியாகக் கேட்டேன், விழுந்திருக்கிறது. அப்படியான வீட்டில் ‘குடும்பமாகப் பேசுவோம்’ என்று அவசரப்படுவது ஆபத்து. எந்த நேரத்தில் வீட்டை விட்டு விலகுவது, பிள்ளைகளோடு யார் வீட்டுக்குப் போவது, பிரதேச செயலகத்தில் யாரைப் பார்ப்பது, பெண்களுக்கான 1938 என்ற உதவி இலக்கம் எப்படிப் பயன்படும் என்பவை முதலில் பேசப்பட்டன.

பிறகு மனைவியோடு செய்தது, உளவியலாளர் ரொபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறையின் சில பகுதிகள். குடித்திருக்கும் போது வாதிடாமல் விடுவது. தெளிந்திருக்கும் நேரத்தைக் கவனித்து அப்போது பக்கத்தில் இருப்பது. அவர் குடியால் வரும் சங்கடங்களை அவருக்காக மூடி மறைக்காமல் இருப்பது. சம்மாட்டியிடம் (படகுக்காரரிடம்) ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்லியனுப்புவது அதில் முதலாவது. இதில் கடைசிதான் அவருக்குக் கடினமாக இருந்தது. ஒரு நாள் தொழில் போனால் ஒரு நாள் உலை வைக்க முடியாத வீடு.

42ஆம் நாள்

வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பு; படகுகள் கரையில். கையில் காசு குறைவு என்பது நல்லது போலத் தெரிந்தாலும் வெறும் நேரம் நிறைய. அந்த நாளை மணிக்கணக்காக எழுதினோம். காலையில் கோயிலில் மாலையைக் கழற்றியதும் நேரே வீடு. பகலில் தமையனோடு வலை பொத்துவது. மாலை ஆறு மணிக்குப் பஜனை முடிந்துபோயிருக்கும்; ஆனால் குருசாமியின் வீட்டுத் திண்ணை இருக்கிறது. மாலை இல்லாவிட்டாலும் ஆறு மணிக்கு வாருங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். யார் போத்தலை நீட்டுவார்கள் என்று மூன்று பேரின் பெயரை அவர் எழுதித் தந்தார். அவர்களிடம் சொல்லவேண்டிய பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பழகினோம். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று முதலில் சொன்னார். அது நாளைக்கு அழைப்பு விடுகிற பதில். ‘டொக்டர் குளிசை தந்திருக்கிறார், குடித்தால் வலிப்பு வரும்’ என்பது எடுபட்டது. ஆண்கள் கூட்டத்தில் நோய் ஒரு மதிப்பான சாட்டு.

குடிக்கும் வேட்கை வந்தால் அதோடு மல்லுக்கட்டாமல், ஏறி இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பது உளவியலாளர் அலன் மார்லட் விளக்கிய பயிற்சி. ஆங்கிலத்தில் அதற்கு அலைச் சறுக்கை உவமை சொல்வார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. அலை படகைத் தூக்கும்போது பிடியை இறுக்காமல் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் அவர். வேட்கைக்கும் அதுவா என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிசம்பர் 26 அஞ்சலிக்கும் போனார். மாலை கழற்றிய மறுநாள் குடிக்கவில்லை. தை முழுவதும், மாசி முழுவதும் குடிக்கவில்லை.

பங்குனிச் சறுக்கல்

கடல் தணிந்து தொழில் தொடங்கிய பங்குனியில், முதல் பெரிய பாட்டுக்கு (மீன்பிடிக்கு) மீன் நிறையப் பட்டது. சம்மாட்டி வழக்கம்போல் எல்லோருக்கும் போத்தல் வாங்கினார். இவர் ஒரு குவளை குடித்தார். அன்றிரவு அரைப் போத்தல். அதற்குப் பிறகு இரண்டு நாள் தொழிலுக்குப் போகவில்லை.

நான்காம் நாள் மனைவி கூட்டிவந்தபோது அவர் சொன்னது: “முறிந்துவிட்டது, மிஸ். இனி என்ன?” விரதத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. முறியாத வரைக்கும் அது இரும்பு. ஒரு குவளையில் முறிந்தால் முழுவதும் முறிந்ததாகக் கணக்கு. மார்லட் 1985இல் எழுதியதும் இதையே: ஒருமுறை தவறியவர் அதைத் தன் குணத்தின் தோல்வியாக எடுத்துக்கொண்டால் அந்தக் குற்ற உணர்வே அடுத்த போத்தலைத் திறக்கும். முதல் குவளைக்கும் அரைப் போத்தலுக்கும் நடுவில் மூன்று மணிநேரம் இருந்திருக்கிறது. அந்த மூன்று மணிநேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதைப் பற்றியே பேசினோம். ‘குடித்தாயிற்று, இனிக் குடிக்காமல் இருந்து என்ன’ என்று நினைத்திருக்கிறார். அடுத்த முறை அந்த இடத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: முதல் குவளையோடு எழுந்து குருசாமியின் திண்ணைக்குப் போவது, வாயில் மணத்தோடு. குருசாமி அதற்கும் சம்மதித்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம், அது நியாயமும் கூட.

விலகல் இந்த முறை லேசாகவே இருந்தது. ஆனால் குடி எங்கே தொடங்கியது என்பது இப்போது தெளிவு: சம்மாட்டியின் கையில்.

சம்மாட்டி

படகுத் தொழிலில் கூலி இல்லை, பங்கு. ஏலத்தில் வந்த காசில் எண்ணெய், ஐஸ் செலவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்காரரும் தொழிலாளிகளும் பிரித்துக்கொள்வார்கள். இவரின் கரையில் பங்கு பிரிக்கப்படுவது காலை பத்து மணிக்குப் பிறகு, கசிப்பு விற்கும் ஒரு வீட்டின் பின்புறத்து மரநிழலில். முந்தைய நாள் கடன் அங்கேயே கழிக்கப்படும். நல்ல பாட்டுக்குப் போத்தல் என்பது சம்மாட்டியின் பெருந்தன்மை. உண்மையில் பங்கின் ஒரு பகுதியை மதுவாகக் கொடுப்பது.

சமூக வலுவூட்டல் என்ற அணுகுமுறையை ஜோர்ஜ் ஹண்டும் நேதன் அஸ்ரினும் 1973இல் எழுதினார்கள். குடிக்காத வாழ்க்கை, குடிக்கிற வாழ்க்கையைவிட அன்றாடம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அதற்குத் தொழில், வீடு, பொழுது எல்லாவற்றையும் மாற்றி அடுக்கவேண்டும் என்பது அதன் நிலை. எவ்வளவு நல்ல உரையாடலும், நோயாளியின் காசு கசிப்பு வீட்டு வாசலில் கைமாறும் வரை பாதி வேலைதான் என்று நான் நம்புகிறேன். அவர் சம்மதத்தோடு சம்மாட்டியாரைப் பார்க்கப் போனோம்.

நாங்கள் எதிர்பார்த்ததைவிட இலகுவாகச் சம்மாட்டி இசைந்தார். காரணம் கருணை இல்லை. இவர் கரையிலேயே சிறந்த ஓட்டி. நடுக்கத்தால் இரண்டு வருடமாக அணியத்தில் (படகின் முன்பகுதியில்) வலை வாங்க விட்டிருந்தார்கள். தெளிவாக வரும் நாளில் படகை ஓட்டலாம், ஓட்டிக்குரிய கூடுதல் பங்கும் உண்டு. மணத்தோடு வந்தால் அன்று அணியம். சண்டை இல்லை, புத்திமதி இல்லை, மறுநாள் மீண்டும் வாய்ப்பு. பங்குக் காசு மனைவி கையில். நல்ல பாட்டுக்குப் போத்தலுக்குப் பதில் கறிக்குக் கூடுதல் மீன். நடத்தைக்கு உடனடியாகவும் நிச்சயமாகவும் பலன் வைக்கும் சிகிச்சை முறை உலகில் பல இடங்களில் பொருள் வாங்கும் சீட்டுகளால் நடக்கிறது. இங்கே அது இயந்திரத்தின் பிடியால் நடந்தது.

மற்றத் தொழிலாளிகள் போத்தல் போனதற்கு முறைப்பட்டார்கள். இருவர் வேறு படகுக்குப் போனார்கள்.

ஈரல் நொதிகள் சீருக்கு வந்திருந்ததால் உளமருத்துவர் டைசல்பிராம் 250 மில்லிகிராம் தொடங்கினார், இந்த முறை அவரது முழுச் சம்மதத்தோடு. கடைசிக் குளிசைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை குடித்தால் எதிர்விளைவு வரும் என்பதும், இருமல் பாணியும் உடம்பு நோவுக்குக் குடிக்கும் அரிஷ்டமும் மதுசாரம் உள்ளவை என்பதும் எழுதிக் கொடுக்கப்பட்டன. இந்த மருந்து யாரேனும் பார்க்க விழுங்கினால்தான் பெரும்பாலும் பயன் தரும். மனைவி பார்ப்பது வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். பொடியின் கதைக்குப் பிறகு அது விளங்கும். விடியற்காலை கரைக்குப் போகும் வழியில் குருசாமி வீட்டில் விழுங்குவதாக அவரே தெரிவுசெய்தார்.

அக்காவின் மகன்

இந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். பத்தொன்பது வயதுப் பையன் ஐஸ் என்ற மெத்தம்பெற்றமின் போதைப்பொருளைப் பாவிக்கிறான் என்பது கோடையில் தெரியவந்தது. ‘கந்தக்காட்டுக்கு அனுப்பிவிடுங்கள்’ என்றார் தமையன்; போதைப்பொருள் பாவித்தோருக்கான அந்த அரச புனர்வாழ்வு முகாமின் பெயர் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். 2022 ஜூனில் அந்த முகாமிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய செய்தியும் தெரியும். நான் அந்த யோசனையை ஆதரிக்கவில்லை. மாமாவுக்குச் செய்ததை அப்படியே பையனுக்குச் செய்யவும் முடியாது. ஐஸுக்கு டைசல்பிராம் போன்ற ஒரு குளிசை கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை. ஆதாரம் வலுவாக இருப்பது, பாவிக்காததற்குப் பலன் வைக்கும் நடத்தைச் சிகிச்சைக்கு. ஹெரோயினாக இருந்தால் மெதடோன், பியூப்ரனோர்பின் போன்ற மருந்துகளைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும். சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும் என்பதையும் எச்சரிக்கவேண்டியிருக்கும். பையனின் சிகிச்சை தனிக் கோப்பு. அது இன்னும் நடக்கிறது.

எந்த முறை வேலைசெய்தது?

கேட்கிறவர்களுக்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. அமெரிக்காவில் 1,726 பேரோடு நடந்து 1997இல் வெளியான ‘மட்ச்’ ஆய்வு, எண்ணம் நடத்தைச் சிகிச்சை, ஊக்கமூட்டும் முறை, 1935இல் தொடங்கிய ‘பெயரில்லாக் குடிநோயாளர்’ இயக்கத்தின் பன்னிரண்டு படி முறை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு உதவின. கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் நான்கு சந்திப்புகளுக்குள் கொடுத்த ஆலோசனை பற்றி 2017இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் அதற்கு முந்தைய 14 நாட்கள் குடிக்காமல் இருந்தவர்கள் ஆலோசனை பெற்றோரில் 42 சதவீதம், பெறாதோரில் 18 சதவீதம். ஆனால் அது இவரளவுக்கு முற்றாத ஆண்களிடம் செய்யப்பட்டது. அதைக் காட்டி இவரைப் போன்ற ஒருவரை நான்கு பேச்சோடு அனுப்பிவிட முடியாது.

குருசாமி எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். எங்கள் விடுதியில் அடுத்த கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர் இருப்பார், அதற்கடுத்து கத்தோலிக்கர், சிங்களவர். ஆனால் நோன்பு, தவக்காலத்தின் 40 நாள், மாலை என்று எல்லோரிடமும் ஏதோ ஒரு காலம் இருக்கிறது. இப்போது ஒவ்வொருவரிடமும் இரண்டைக் கேட்கிறேன். எந்த நாட்களில் குடிக்காமல் இருந்திருக்கிறீர்கள்? அது முடிந்த மறுநாள் என்ன நடந்தது? காலையில் கை நடுங்குகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்கிறேன்: விரதம் தொடங்கும் நாளில் திடீரென்று நிறுத்தவேண்டாம், இரண்டு வாரத்துக்கு முன் இங்கே வாருங்கள். வர முடியாதவர்கள் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 அல்லது உளநல உதவிக்கான 1926 இலக்கத்தில் கேட்கலாம்.

பங்குனிக்குப் பிறகு அவர் குடித்ததாக அவரோ மனைவியோ சம்மாட்டியோ சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனையும் அதற்கு முரணாக எதையும் காட்டவில்லை. அடுத்த கார்த்திகையிலும் மாலை போட்டார், வலிப்பில்லாமல். 42ஆம் நாளும் கடந்துபோயிற்று. இப்போது எங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் குளிசையைப் பற்றியது. ஈரலைக் கருதி டைசல்பிராமை நிறுத்தலாம் என்கிறார் உளமருத்துவர். குளிசை கையில் இருக்கும் வரை மற்றத் திறமைகளை நோயாளி நம்பமாட்டார் என்பது அவரது வாதம். தொழில் மந்தமான வாடைக் காலம் முடியும் வரை வைத்திருக்கலாம் என்பது என் கட்சி. நோயாளியோ குளிசையை நிறுத்தினாலும் விடியற்காலையில் குருசாமி வீட்டுக்குப் போவதை நிறுத்துவதாக இல்லை என்கிறார். மாசியில் ஈரல் பரிசோதனை முடிவு வந்ததும் மூவரும் உட்கார்ந்து தீர்மானிப்பதாக இருக்கிறோம்.